கண்ணைத் திறந்துகொண்டே தியானம்: ஓயாத மனத்துக்கு ஓவியம் வழியே ஒரு தொடக்கம்

தியானம் செய்யலாம் என்று உட்கார்ந்து கண்ணை மூடிய மறுகணமே வீட்டுக்கடன் தவணை, பிள்ளையின் பள்ளி வேன், அனுப்ப மறந்த மின்னஞ்சல் எல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கின்றனவா? அப்படியானால் இந்த வழிகாட்டி உங்களுக்காகத்தான். நான் சொல்லப்போகும் முறையில், கடைசி அரை நிமிடம் தவிர, கண்ணை மூட வேண்டாம். மனத்தை வெறுமையாக்கவும் வேண்டாம். நன்றாகத் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு படத்தின் மீது தினமும் ஐந்து நிமிடம் கண்ணைத் தங்கவிட்டால் போதும்.

ஏன் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்? சென்னையில் வேலைக்குப் போகிற ஒருவருடைய கண்ணின் ஒரு நாளைப் பாருங்கள். எழுந்ததும் வாட்ஸ்அப். சிக்னலில் இறங்கிக்கொண்டே வரும் நொடிக் கணக்கு. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக விளம்பரப் பலகைகள். அலுவலகத்தில் எதிரே இரண்டு திரைகள். திரும்பும்போது மின்சார ரயிலில் நின்றபடியே ரீல்ஸ். சாதாரணமாக எதையாவது பார்க்கும்போதே கண் ஒரு நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை இடம் தாவுகிறது. நமக்குத் துல்லியமாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். தாவித் தாவிச் சேகரித்ததை மூளை ஒட்டிச் சேர்த்து ஒரு முழுக் காட்சியாக்கித் தருகிறது. இப்படி நாள் முழுவதும் தாவிப் பழகியவரிடம் 'கண்ணை மூடு, மூச்சைக் கவனி' என்றால் உள்ளே அதே தாவல் தொடர்வதில் வியப்பில்லை. பார்வை தங்க ஓர் இடம் கிடைத்தால், மனம் அமர்வதும் சற்று எளிதாகிறது. இதைத்தான் என் அனுபவத்தில் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன்.

இது புதுமையான வழியும் அல்ல. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை என்ற யோக நூல் சொல்லும் ஆறு சுத்திக் கிரியைகளில் திராடகம் ஒன்று: நுண்ணிய இலக்கு ஒன்றைக் கண்ணில் நீர் வரும்வரை அசையாமல் பார்ப்பது. அதற்கும் ஆயிரம் ஆண்டுகள் முன்பு, 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து எழுதிய பௌத்த அறிஞர் புத்தகோசர், விசுத்திமக்கம் என்ற தியான நூலில் 'கசிணம்' என்ற வட்டத் தகட்டை வைத்துப் பழகும் முறையை அளவோடு விளக்குகிறார். விடியல் நிறத்துக் களிமண்ணால் ஒரு சாண் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வட்டம். அதிலிருந்து இரண்டரை முழம் தள்ளி இருக்கை. கண்ணை அகலத் திறந்தால் களைத்துப்போகும், மிகக் குறைவாகத் திறந்தால் தூக்கம் வரும், ஆகவே நடுத்தரமாகத் திறந்திருக்கட்டும் என்றும் சொல்கிறார். இன்றைக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

நம் காலத்துக்கு வந்தால், ஓவியர் சையத் ஹைதர் ரசாவின் கதை இருக்கிறது. 1922இல் மத்தியப் பிரதேசத்தில் பிறந்த ரசா, பள்ளியில் கவனம் நில்லாத பிள்ளை. ஆசிரியர் அவரைத் திட்டவில்லை. சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிரு என்றார். பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் புள்ளி, 'பிந்து' என்ற பெயரில் அவருடைய ஓவியங்களின் நடுநாயகமாகவே வந்து அமர்ந்தது.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. அழகான படம் எல்லாம் இதற்கு உதவாது. படத்தில் முகம் இருக்கக் கூடாது. முகத்தைக் கண்டால் பார்வை அங்கேதான் ஓடும்; இவர் ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று மனம் கதை கட்டத் தொடங்கிவிடும். எழுத்து இருக்கவே கூடாது. படிக்கத் தெரிந்த கண்ணால் எழுத்தைக் கண்டும் படிக்காமல் இருக்க முடியாது. 'அமைதி', 'புன்னகை செய்' என்று அச்சடித்து விற்கும் சுவர்ப்படங்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நிறம் இரண்டு அல்லது மூன்று போதும். பார்வை சுற்றிவிட்டுத் திரும்பி வந்து இளைப்பாற ஓர் இடம் இருக்க வேண்டும்: ஒரு வட்டம், ஒரு கோடு, நிறம் மெல்ல மாறும் ஓர் ஓரம். கறுப்பும் வெள்ளையுமாக நெருங்கிய மெல்லிய பட்டைகள் வேண்டாம்; அவை அசைவதுபோல் தோன்றி சிலருக்குத் தலைவலியையே வரவழைக்கும். கண்ணாடிச் சட்டமும் வேண்டாம். அதில் டியூப்லைட்டும் உங்கள் முகமும்தான் தெரியும். தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்குக்கும் இதே சிக்கல்தான்.

பூஜை அறையில் இருக்கும் சாமி படம் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் படத்தின் முன் நின்றாலே கை தானாகக் கூப்பும், வேண்டுதல்கள் நினைவுக்கு வரும். அது வழிபாடு, அதன் இடத்தில் அது இருக்கட்டும். இந்தப் பயிற்சிக்கு உங்களிடம் எதையும் கேட்காத, நீங்களும் எதையும் கேட்க வேண்டியிராத ஒரு படம் வேண்டும். 

எங்கே தேடுவது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கியது. தென்னிந்திய நவீன ஓவிய இயக்கமான மெட்ராஸ் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அவற்றில் எழுத்தைப் போன்ற சிறு குறிகள் நிறைந்திருப்பதால் புதியவர்களுக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். கோட்டோவியங்களால் புகழ்பெற்ற கே.எம். ஆதிமூலம் பிற்காலத்தில் வரைந்த அருவ ஓவியங்களைப் பாருங்கள்: அகன்ற நிறப்பரப்புகள், ஒன்றோடொன்று உரசும் ஓரங்கள். பார்வை தங்குவது என்றால் என்ன என்று அவற்றின் முன் நிற்கும்போது புரியும். கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியில் நடக்கும் கண்காட்சிகளும் நல்ல இடம். வாங்க வேண்டும் என்பதில்லை. எந்த மாதிரிப் படத்தின் முன் உங்கள் தோள்கள் தளர்கின்றன என்று கவனித்துவிட்டு வந்தாலே போதும்.

உண்மையில் நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது, நீங்களே வரைந்துகொள்ளுங்கள் என்பதுதான். கெட்டியான ஓவியத்தாள் ஒன்று. அதன் நடுவில் காபி டபராவைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றி ஒரு வட்டம். கருநீலமோ, மண்ணின் நிறமோ, இலைப்பச்சையோ ஏதாவது ஒரு நிறத்தில் வாட்டர் கலர். முதலில் வட்டத்துக்குள் வெறும் தண்ணீரைத் தடவிவிட்டு, பிறகு நிறத்தை வையுங்கள். அது ஈரத்தில் தானாகப் பரவி ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளுத்தும் காயும். அந்த ஏற்ற இறக்கம் மிக முக்கியம். கணினியில் நிரப்பியது போன்ற சீரான நிறத்தைவிட இதில்தான் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். பளீரென்ற சிவப்பும் மஞ்சளும் தொடக்கத்தில் வேண்டாம்.

கைப்பேசியில் சுழலும் மண்டலங்கள் எனப்படும் வட்டச் சித்திரங்கள், விரிந்து சுருங்கும் தாமரைகள் எல்லாம் காணொளிகளாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் ஏற்பதில்லை. அங்கே படம் அசைகிறது, கண் அதைத் துரத்துகிறது. நாள் முழுவதும் செய்த வேலையையே மெதுவாகச் செய்கிறீர்கள். போதாததற்கு, மேலிருந்து ஓர் அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் இறங்கும்.

இடமும் நேரமும்

தனி அறை இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தாலும் இதைச் செய்யலாம். படத்தைப் பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். எப்போதும் கண்ணில் படும் படம் சில நாள்களில் சுவரோடு சுவராகிவிடும். கதவைத் திறந்தால் மட்டும் தெரியும் படம் அப்படி ஆகாது. உட்கார்ந்த நிலையில் படத்தின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக இருக்கட்டும். தூரத்துக்குப் புத்தகோசரின் இரண்டரை முழமே சரியான கணக்கு. வெளிச்சம் உங்கள் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வர வேண்டும். நாற்காலி போதும், சம்மணம் கட்டாயமில்லை. மின்விசிறிக் காற்று நேரே கண்ணில் அடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, தினமும் ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டிவிடுங்கள். காபி குடித்து முடித்ததும், அல்லது அலுவலகத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும். குக்கர் விசில், தண்ணீர் லாரியின் இரைச்சல், மாடி வீட்டுப் பிள்ளைகளின் ஓட்டம் எல்லாம் இருந்துகொண்டுதான் இருக்கும். அவை நிற்கும்வரை காத்திருந்தால் சென்னையில் யாரும் உட்காரவே முடியாது.

முதல் ஐந்து நிமிடம்

கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மெல்லிய ஒலி வைத்துக்கொண்டு, கைப்பேசியைத் திருப்பி வைத்துவிட்டு உட்காருங்கள்.

முதல் ஒரு நிமிடம் பார்வையை நடக்க விடுங்கள். வட்டத்தின் உச்சியிலிருந்து தொடங்கி ஓரத்தை ஒட்டியே மெதுவாகச் சுற்றி வாருங்கள். நிறம் எங்கே அடர்கிறது, எங்கே தாளின் நெய்வு தெரிகிறது, எங்கே தூரிகை தடுமாறியிருக்கிறது என்று பாருங்கள். அவசரப்பட்டால் ஒரு சுற்று இரண்டு நொடியில் முடிந்துவிடும். நத்தை ஊரும் வேகம் சரி. தாவிப் பழகிய கண்ணைச் சட்டென்று ஓரிடத்தில் நிறுத்தினால் அது முரண்டு பிடிக்கும். இப்படி நடக்கவைத்து வேகத்தைக் குறைத்தால் இணங்கும்.

பிறகு, பிடித்த ஓர் இடத்தில் பார்வையை வையுங்கள். உற்று முறைக்க வேண்டாம். நெற்றியும் தாடையும் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துத் தளர்த்துங்கள். இமைக்கத் தோன்றினால் இமையுங்கள். கண்ணீர் வரும்வரை இமைக்காமல் இருப்பது திராடகத்தின் விதி. அதைத் தேர்ந்த ஆசிரியரிடம்தான் பழக வேண்டும், இங்கே தேவையில்லை. மூச்சை இழுப்பது, அடக்குவது எதுவும் வேண்டாம்.

சிறிது நேரத்தில் சில விந்தைகள் நடக்கும். வட்டத்தின் ஓரங்கள் மங்கி, சில சமயம் மறைந்தே போகும். பயப்படவும் வேண்டாம், ஏதோ சித்தி கிடைத்துவிட்டதென்று மகிழவும் வேண்டாம். பார்வையை ஓரிடத்தில் நிறுத்தினால் சுற்றியிருப்பவை மங்குவது கண்ணின் இயல்பு. 1804இலேயே டிராக்ஸ்லர் என்ற மருத்துவர் இதைப் பதிவுசெய்திருக்கிறார். பார்வை சற்று அசைந்ததும் ஓரம் திரும்பி வந்துவிடும். எனக்கு இது நல்ல அடையாளமாகத் தோன்றுகிறது: ஓரம் மங்கியது என்றால் பார்வை சில நொடிகளாவது தாவாமல் இருந்திருக்கிறது.

நடுவே நீங்கள் காணாமல் போவீர்கள். பார்வை படத்தின் மேலேயே இருக்கும், மனமோ கோயம்பேட்டில் பஸ் பிடித்துக்கொண்டிருக்கும். அதை உணரும் கணத்தில் உங்களைக் கடிந்துகொள்ளாமல், வட்டத்தின் உச்சிக்குப் போய் ஓரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, விட்ட இடத்துக்கு வாருங்கள். ஐந்து நிமிடத்தில் இருபது முறை திரும்பி வர நேர்ந்தால் அந்த அமர்வு வீண் இல்லை. திரும்பி வருவதைத்தான் இங்கே பழகுகிறோம்.

கடைசி அரை நிமிடம் கண்ணை மூடுங்கள். இமைக்குள் அந்த வட்டத்தின் சாயல், எதிர் நிறத்தில் மிதக்கும். நீல வட்டத்தைப் பார்த்திருந்தால் அது மஞ்சள் சாயலில் வரும். அது கலையும்வரை பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கண்ணை மூடினாலே பதற்றமாகும் என்று சொல்பவர்கள்கூட இந்த அரை நிமிடத்தை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். மூடிய கண்ணுக்குள்ளும் பார்ப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறதே!

உட்காரவே முடியாதவர்களுக்குச் சிக்குக் கோலம்

ஐந்து நிமிடம் சும்மா உட்காருவது என்றாலே உடம்பு எரிகிறது என்பவர்கள் உண்டு. அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. கையில் பென்சிலைக் கொடுத்துவிடுவேன். சென்னையில் இதற்கு வெளியூரிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். மார்கழிக் காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடந்தால் தரையெங்கும் பாடம் இருக்கிறது.

கட்டம் போட்ட தாளில், ஒரு வரிசைக்கு நான்கு புள்ளியாக மூன்று வரிசை வையுங்கள். கம்பி, அதாவது நீங்கள் இழுக்கும் கோடு, எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகப் புகுந்து, அங்கே வரும் இன்னொரு கம்பியைக் குறுக்கே வெட்டி, அடுத்த இடைவெளிக்குப் போக வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் கடைசிப் புள்ளியை அணைத்தபடி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். இவ்வளவுதான் விதி. இதைத் தவறாமல் பின்பற்றினால், பென்சிலைத் தூக்காமலேயே பன்னிரண்டு புள்ளிகளையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள்.

இப்போது மூன்றுக்கு மூன்றாகப் புள்ளி வைத்துப் பாருங்கள். ஒரே கம்பியாக வராது. மூன்று தனித்தனி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாவிட்டால்தான் ஒற்றைக் கம்பி அமையும். மூன்றும் ஐந்தும், நான்கும் ஐந்தும் அப்படிப்பட்ட இணைகள். தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1974இல் கோலங்களின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் ஆய்வாகவே எழுதினார்கள். நம் பாட்டிமார் வாசலில் கைவிரல் நுனியில் வைத்திருந்தது எவ்வளவு ஆழமான ஒழுங்கு என்பதற்கு அது ஒன்றே சான்று.

தியானத்துக்கு இது எப்படி உதவுகிறது? கம்பி அடுத்து எங்கே புக வேண்டும் என்பது மட்டும்தான் ஒவ்வொரு கணத்திலும் கேள்வி. வேறொன்றை நினைத்தால் அடுத்த வெட்டில் கை தவறிவிடும். கவனம் போனதைத் தாளே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வங்கியில் பணிபுரியும் என் அத்தை மகள் மதிய உணவுக்குப் பிறகு ஒரு பழைய டைரியின் பின்பக்கங்களில் தினமும் ஒன்று போடுகிறாள். முதலில் எட்டிப்பார்த்துக் கேலி செய்த பக்கத்து இருக்கைக்காரர் இப்போது தானும் புள்ளி வைக்கிறார். ஆண்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. 

கை பழகிய பிறகு, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, முடித்த கோலத்தின் மீது பார்வையால் மட்டும் கம்பி வழியே போய் வாருங்கள். வெட்டு வரும் இடங்களில் நேராகப் போகாமல் பக்கத்துக் கம்பிக்கு மாறிவிடும் ஆசை கண்ணுக்கு வரும். அங்கே நிதானிப்பதுதான் பயிற்சி. உட்கார முடியாது என்று சொன்னவர், உட்கார்ந்திருப்பதை மறந்து உட்கார்ந்திருப்பார்.

எழும்பூருக்கு ஒரு நடை

சில வாரம் வீட்டில் பழகியதும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1851இல் தொடங்கிய இடம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் பார்த்துவிடும் எண்ணத்தோடு போகாமல், வெண்கலக் கூடத்தில் ஒரே ஒரு சிலைக்காகப் போங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தைச் சராசரியாக 27 நொடிதான் பார்க்கிறார்கள் என்று தெரியவந்தது. நீங்கள் பத்து நிமிடம் நில்லுங்கள்.

என் தேர்வு திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். முகத்திலிருந்து தொடங்க வேண்டாம். சிலையின் வலத் தோளிலிருந்து இடுப்பு வழியே பாதம்வரை சிவனின் பக்கத்து ஓரக்கோட்டில் பார்வையை இறக்குங்கள். பிறகு இடத் தோளிலிருந்து உமையின் பக்கம். உமையின் பக்கம் இடை உள்வாங்கி, இடுப்பில் அகன்று வளைந்து இறங்குகிறது. சிவனின் பக்கம் அந்த வளைவு இல்லை. சிவனுக்கு இரண்டு கை, உமைக்கு ஒன்று என மொத்தம் மூன்றே கைகள். அந்தச் சமமின்மையிலும் உருவம் ஒரு சிறிதும் சாய்ந்துவிடாமல் நிற்கிறது. எப்படி நிற்கிறது என்ற கேள்விக்குப் பதில் தேடிப் பார்வை மேலும் கீழும் போய்வரும். முகம் வேண்டாம் என்று முன்பு சொன்னது வீட்டுப் படத்துக்கு. சில வாரப் பழக்கத்துக்குப் பிறகு முகத்தையும் கதை கட்டாமல் பார்க்க முடியும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் ஒதுங்கி நின்றுவிட்டு மறுபடி தொடருங்கள்.

இடையூறுகள்

தூக்கம் வந்தால் நின்றுகொண்டே செய்யுங்கள். கண் எரிந்தால் திரையைப் பார்த்து முடித்த உடனே உட்காருகிறீர்கள் என்று பொருள். நடுவே பத்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். கண் அழுத்த நோய், வலிப்பு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். விளக்குச் சுடர், மின்னும் வெளிச்சம் எதையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. மெரினாவில் கடலும் வானும் சேரும் கோட்டைப் பார்த்துப் பழகுவது அருமையான பயிற்சி. ஆனால் சூரியன் தலைகாட்டியதும் நிறுத்திவிடுங்கள். சூரியனை நேரே பார்ப்பது கண்ணுக்குக் கேடு. உட்காரும்போதெல்லாம் பழைய துயரம் பொங்கி, எழுந்த பிறகும் அடங்கவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். படத்தால் ஆகாத காரியங்கள் உண்டு.

சலிப்பு நிச்சயம் வரும், பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில். இந்தப் படத்தில் பார்க்க இனி என்ன இருக்கிறது என்று தோன்றும். அன்று படத்தைப் பார்க்காமல் ஒரு தாளில் அதை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். அடர்ந்த இடம் இடப்பக்கமா வலப்பக்கமா, வெளுத்த பகுதி ஓரத்தைத் தொட்டதா இல்லையா என்று கை திணறும். பிறகு பீரோ கதவைத் திறந்து ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் அதே படத்தோடு இருங்கள். நினைவிலிருந்து வரைந்ததும் கதவில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால், டபராவை எடுத்து வேறொரு நிறத்தில் அடுத்த வட்டத்தைப் போடலாம்.